பி.காம். முடித்தவர் ஆடை வடிவமைப்பாளராகத் தொடங்குவது எப்படி?

கேட்டவர்: கரூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் பி.காம். முடித்துவிட்டு, வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மா தையல் தைப்பவர் என்பதால் பள்ளி நாட்களிலிருந்தே இயந்திரத்தில் உட்கார்ந்து பழகியிருக்கிறேன். அளவெடுத்துச் சுடிதாரும் பிளவுஸும் வெட்டித் தைக்க என்னால் முடியும். ஆடை வடிவமைப்பையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

நகரத்தில் உள்ள தனியார் பயிற்சி நிலையங்களில் விசாரித்தபோது, ஓராண்டு டிப்ளமோவுக்கே லட்சக்கணக்கில் கட்டணம் சொல்கிறார்கள். முறையான பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் வேலை கிடைக்குமா? வணிகவியல் படித்தவளை வடிவமைப்புக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளுமா? ஓவியம் முறையாகக் கற்காதவள் போர்ட்ஃபோலியோ எனப்படும் வேலை மாதிரித் தொகுப்பில் எதைக் காட்டுவது? நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு வருமானம் உறுதியில்லாத ஒன்றுக்குப் போவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் புரியவில்லை. துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில்: சாம்பிள் பிரிவு, திருப்பூர்

சகோதரிக்கு வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் சாம்பிள் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கல்லூரி வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல மற்றவர்கள் வருவார்கள். நான் தொழிற்சாலைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில், ஆடை வடிவமைப்பாளர் என்று ஒரே ஒரு வேலை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஆடைகளில் பெரும்பாலானவற்றின் வடிவத்தை வாங்குபவரின் அலுவலகத்தில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். எங்களுக்கு வருவது டெக் பேக் எனப்படும் சில பக்க ஆவணம். ஆடையின் முன்புற, பின்புறத் தட்டை வரைபடம், ஒவ்வொரு இடத்தின் அளவு, அளவில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு, துணியின் வகையும் எடையும், எந்த இடத்தில் என்ன தையல், லேபிள் எங்கே வரவேண்டும் என்பவை அதில் இருக்கும். அந்தக் காகிதத்தை ஆடையாக மாற்றுவதற்குப் துணியை வெட்டுவதற்கான காகித வார்ப்பை (பேட்டர்ன்) போடும் பேட்டர்ன் மாஸ்டர், வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், துணி கொள்முதல் செய்பவர், பிரிண்ட் வடிவமைப்பவர், தரக்கட்டுப்பாட்டாளர் என்று ஒரு கூட்டமே உழைக்கிறது. சில நிறுவனங்கள் அடுத்த பருவத்துக்கான புதிய வடிவங்களைத் தாங்களே உருவாக்கி வாங்குபவருக்குக் காட்டுகின்றன; சொந்த பிராண்டு வைத்து உள்நாட்டுச் சந்தையில் விற்பவர்களும் இருக்கிறார்கள். வடிவமைப்பாளர் என்ற பெயரிலேயே வேலை இருப்பது இந்த இரண்டு இடங்களில்தான். ஆனால் அந்த நாற்காலிகள் குறைவு. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மேற்சொன்ன வேறு வேலைகளில் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்.

சாம்பிள் பிரிவில் ஒரு சட்டை எத்தனை முறை பிறக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வடிவம் சரியா என்று பார்க்க முதலில் புரோட்டோ சாம்பிள். உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க ஃபிட் சாம்பிள். எல்லா அளவுகளிலும் தைத்துக் காட்ட சைஸ் செட். உற்பத்திக்குப் போகும் அதே துணி, அதே நூல், அதே பட்டனுடன், உற்பத்திக்கு முந்தைய மாதிரியான பி.பி. சாம்பிள். ஒவ்வொன்றுக்கும் வாங்குபவரிடமிருந்து குறிப்புகள் வரும். கழுத்து அரை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், கைக்குழியில் துணி சேர்ந்து நிற்கிறது, துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொள்கிறது என்று எழுதுவார்கள். டி-சர்ட்டுக்குப் பயன்படும் மெல்லிய பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு மிச்சமிருந்தால் துவைத்ததும் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிவிடும். அதைக் காகிதத்தில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் சரிசெய்ய முடியாது, துணியில்தான் சரிசெய்ய வேண்டும். இத்தகைய குறிப்புகளுக்கு ஓராண்டு பதில் தேடியவருக்கு ஆடை என்றால் என்ன என்பது கைவந்துவிடும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதைக் குறையாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் பார்வையில் அது உங்கள் கையிலுள்ள நல்ல சீட்டு. ஒரு சாதாரண டி-சர்ட்டுக்கு எவ்வளவு துணி தேவை என்று கணக்கிட்டுப் பாருங்கள். உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22 செ.மீ., மடிப்புக்கும் தையலுக்கும் 10 செ.மீ., ஆக 104 செ.மீ. மார்பின் பாதிச் சுற்று 54 செ.மீ., அதனுடன் தையலுக்கு 4 சேர்த்தால் 58 செ.மீ. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்பதற்காக இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர செ.மீ., அதாவது 1.2 சதுர மீட்டருக்குச் சற்று மேல். துணியின் எடை 160 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம், என்றால் 193 கிராம். வெட்டும்போது வீணாவதற்காக நூற்றுக்குப் பத்து கூட்டினால் 212 கிராம். வாங்குபவர் துணி இன்னும் கனமாக இருக்கட்டும் என்று 180 ஜி.எஸ்.எம். கேட்டால் ஒரு சட்டைக்கு 26 கிராமுக்கு மேல் கூடுகிறது. பத்தாயிரம் சட்டைக்கு அது ஏறக்குறைய 265 கிலோ. பின்னலாடையின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கே போகிறது என்பதால், இந்தக் கணக்கு மனதில் ஓடும் வடிவமைப்பாளரை நிறுவனங்கள் தேடுகின்றன. நன்றாக வரைபவர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். வரைந்ததன் விலையைச் சொல்லக்கூடியவர்கள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

எனவே என் கருத்து இது. பட்டத்துக்காக இப்போதே வேலையை விட வேண்டாம். மெர்ச்சண்டைசிங் உதவியாளராகவோ சாம்பிள் ஒருங்கிணைப்பாளராகவோ நுழைய முயலுங்கள். பட்டம் பெற்ற, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிந்த, தைக்கவும் தெரிந்த ஒருவரை எங்கள் பக்கத்தில் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. சரக்கு அனுப்பும் நாட்களில் வீடு திரும்ப இரவாகும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் பதினாறு வயதில் லண்டனின் சாவில் ரோ தெருவில் கோட்டு தைக்கும் கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, வெட்டும் கலையில் தேர்ந்த பிறகுதான் சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கல்லூரியின் முதுநிலைப் படிப்புக்குப் போனார். 1992இல் அவர் காட்டிய இறுதித் தொகுப்புக்குப் பின்னால் அந்தத் தையல் கடை இருந்தது.

பதில்: வடிவமைப்பு ஆசிரியை, சென்னை

திருப்பூர் நண்பர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். சாம்பிள் பிரிவு ஓர் ஆடையை எப்படிச் செய்வது என்பதைக் கற்றுத்தரும். எதைச் செய்வது, யாருக்காக, ஏன் என்று கேட்கும் பழக்கத்தை அங்கே வளர்த்துக்கொள்வது கடினம், ஏனென்றால் அந்தக் கேள்விகளுக்கு வேறொருவர் பதில் எழுதி அனுப்பிய பிறகுதான் காகிதம் அங்கு வந்து சேருகிறது. கல்லூரியில் கிடைப்பது இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான அவகாசம். மெக்வீனும் தையல் கடையோடு நின்றுவிடாமல் கல்லூரிக்குப் போனார் என்பதை நண்பரே எழுதியிருக்கிறார்.

வணிகவியல் படித்தவர் என்பது தடையே இல்லை. நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் 1986இல் தில்லியில் தொடங்கப்பட்டது. சென்னை தரமணியில் உள்ள வளாகம் 1995இல் வந்தது. அங்கே எம்.டெஸ். என்ற ஈராண்டு முதுநிலைப் படிப்புக்கு எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். வணிகப் பக்கம் விருப்பம் இருந்தால் எம்.எஃப்.எம். என்ற மேலாண்மைப் படிப்பும் எல்லாப் பட்டதாரிகளுக்கும் திறந்திருக்கிறது. உங்கள் பின்னணிக்கு அது இயல்பாகவே பொருந்தும். எல்லாப் படிப்புகளும் எல்லா வளாகங்களிலும் இல்லை என்பதால் அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிக்கையைப் படித்து முடிவு செய்யுங்கள். நுழைவுத் தேர்வு பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடக்கும். விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். முதுநிலைக்குப் பொது அறிவையும் மொழித்திறனையும் சோதிக்கும் ஒரு தாள், படைப்புத் திறனைச் சோதிக்கும் ஒரு தாள், அதன் பிறகு நேர்காணல் என்ற முறை இருக்கிறது. எம்.டெஸ். படிப்புக்கு இரண்டு தாள்களையும் எழுத வேண்டும். எம்.எஃப்.எம்.முக்குப் படைப்புத் திறன் தாள் இல்லை. 1961இல் அகமதாபாதில் தொடங்கப்பட்ட என்.ஐ.டி. எனப்படும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் ஆடை வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு உண்டு. அங்கு இடங்கள் மிகக் குறைவு.

ஆடை வடிவமைப்பாளர் ராகுல் மிஸ்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். கான்பூரில் இயற்பியல் படித்தவர். அதன் பிறகே என்.ஐ.டி.யில் ஆடை வடிவமைப்புக்கு வந்தார். கேரளக் கைத்தறித் துணியைக் கொண்டு தன் முதல் தொகுப்பைச் செய்தவர், 2014இல் கம்பளி ஆடை வடிவமைப்புக்கான சர்வதேச வுல்மார்க் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். 2020 ஜனவரியில் உயர்தரக் கைவேலை ஆடைகளுக்கான பாரிஸ் ஓட் கூத்யூர் வாரத்தில் தன் ஆடைகளைக் காட்டினார். முதல் பட்டம் எதில் என்பது அவரைத் தடுக்கவில்லை. எல்லாரும் பாரிஸுக்குப் போவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வணிகவியலைத் தவறான தொடக்கம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

கட்டணம் பெரிய பிரச்சினை என்றால் வேறு வழிகளும் உண்டு. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் 1997இல் தொடங்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை மத்திய அரசு நிறுவனத்தின் வளாகம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு வேறு. ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகத்தின் ஆதரவில் நடக்கும் ஏ.டி.டி.சி. எனப்படும் ஆடைப் பயிற்சி, வடிவமைப்பு மையங்களில் பேட்டர்ன் தயாரிப்பு, தரக்கட்டுப்பாடு போன்றவற்றைக் குறுகிய காலப் படிப்புகளாகக் கற்கலாம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் ஆடை தயாரிப்புப் பிரிவு ஓராண்டுப் பயிற்சியாக இருக்கிறது, ஐ.டி.ஐ. என்றதும் முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் வெட்டும் மேசையில் அதிக நேரம் நிற்க வைக்கும் இடம் எதுவோ அதுவே நல்ல இடம்.

தனியார் டிப்ளமோவில் பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பேட்டர்ன் வகுப்பு, ஒரு மாணவருக்கு ஓர் இயந்திரம் உண்டா, சென்ற ஆண்டு முடித்தவர்களின் பேட்டர்ன்களைப் பார்க்கலாமா, முடித்தவர்கள் இருவரோடு தனியாகப் பேச முடியுமா என்று கேட்டால் போதும். ஆண்டு இறுதி ஃபேஷன் ஷோவின் காணொளியை மட்டும் காட்டிப் பேச்சை முடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். சான்றிதழில் எந்த வெளிநாட்டுப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது நேர்காணலில் யாருக்கும் பொருட்டாக இராது.

இனி போர்ட்ஃபோலியோ. ஓவியம் கற்காததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒன்பது தலை உயரத்தில் ஒயிலாக நிற்கும் பெண்ணுருவத்தை வரைவதைத்தான் பலரும் ஃபேஷன் ஓவியம் என்று நினைக்கிறார்கள். வேலைக்கு எடுப்பவர் தேடுவது ஆடையைத் தரையில் விரித்துவைத்ததுபோல் வரையும் தட்டை வரைபடத்தை. தையல் கோடுகள், உடல் வளைவுக்காகப் பிடிக்கும் டார்ட் மடிப்பு, பாக்கெட், பட்டன் இடைவெளி எல்லாம் அதில் அளவுப்படி இருக்க வேண்டும். ஸ்கேலும் வளைகோலும் இருந்தால் நீங்கள் அதை இன்றே வரையத் தொடங்கலாம்.

முப்பது படங்களைத் திணிப்பதைவிட, முழுமையாகச் செய்த மூன்று நான்கு வேலைகளைக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் யாருக்காகச் செய்தீர்கள் என்பதில் தொடங்குங்கள். ‘இளம்பெண்களுக்கான நவீன ஆடை’ என்பது பதில் ஆகாது. கரூரில் பேருந்தில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு, வெயிலில் வியர்வை தெரியாத, கைப்பேசி வைக்கப் பாக்கெட் உள்ள, துப்பட்டா இல்லாமலும் சங்கடமின்றி அணியக்கூடிய குர்தா வேண்டும் என்றால் அது ஒரு தொடக்கம். அதன் பிறகு நீங்கள் பரிசீலித்த துணித் துண்டுகள், வரைந்து ஒதுக்கிய வடிவங்கள், காகிதப் பேட்டர்ன், வெளுக்காத பருத்தியான காடா துணியில் தைத்துப் பார்த்த முதல் மாதிரி, அதில் பென்சிலால் குறித்த திருத்தங்கள், கடைசியில் ஒருவர் அணிந்து நிற்கும் படம் என்று வரிசையாக வையுங்கள். அடக்க விலைப் பட்டியலையும் சேர்த்தால் உங்கள் பலம் அங்கே பேசும். நான் தேர்வு செய்யும் இடத்தில் உட்காரும்போது பளபளப்பான கடைசிப் படத்தைவிடத் திருத்தம் எழுதிய காடா துணிப் படத்தில்தான் அதிக நேரம் நிற்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது கரூரில். திரைச்சீலையும் மேசை விரிப்பும் நெய்யும் தறிகளுக்கு நடுவே வேலை பார்க்கிறீர்கள். சற்றுத் தள்ளிப் பவானியில் ஜமக்காளம், காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி ஊடை நூல் கொண்டு நெய்து கோத்துச் சேர்க்கும் கோர்வை, மதுரையில் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடி. தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வடிவமைப்பாளர்கள் இவற்றைத் தேடி வருகிறார்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவில் ஒரு வேலையாவது நீங்கள் கையால் தொட்டுப் பழகிய துணியிலிருந்து வந்ததாக இருக்கட்டும். மேசை விரிப்புக்கான கனத்த பருத்தித் துணியில் ஒரு ஜாக்கெட் தைத்துப் பார்த்தீர்களா?

பதில்: பொட்டிக் நடத்துபவர், மதுரை

வீட்டில் கேட்கும் வருமானக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மேலே உள்ள இருவரும் மாதச் சம்பளக்காரர்கள்.

மணப்பெண் பிளவுஸ், ஆரி வேலைப்பாடு, பட்டுப் பாவாடை என்று நடத்தும் சிறிய பொட்டிக்கில் வருமானம் மாதந்தோறும் ஒரே அளவில் வராது. தையும் வைகாசியும் ஆவணியும் முகூர்த்த மாதங்கள். தூங்க நேரம் இராது. ஆடியிலும் மார்கழியிலும் திருமண வேலை அநேகமாக நின்றுவிடும், ஆனால் வாடகையும் தையல்காரர் சம்பளமும் நிற்காது. எனவே கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு மந்த மாதங்களைத் தாங்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுடிதார் வேலை வருவதால் ஓரளவு சமாளிக்கலாம்.

விலை சொல்வதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பக்கத்துக் கடை விலையைக் கேட்டு அதில் நூறு ரூபாய் குறைத்துச் சொல்வது விலை நிர்ணயம் ஆகாது. ஒரு பிளவுஸுக்கு முப்பது மணி நேரம் ஆரி வேலை என்றால், அந்த முப்பது மணிக்கான கூலி, மணி, ஜரிகை, லைனிங் துணி, வெட்டித் தைக்கும் கூலி, வாடகையிலும் மின்சாரத்திலும் அதற்குரிய பங்கு, இவற்றுக்கு மேல் உங்கள் வடிவமைப்புக்கு ஒரு தொகை என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிடுபவர்கள் ஆண்டுக்கணக்கில் தையல் கூலிக்கு வேலை செய்துகொண்டு, தங்களை வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொள்கிறார்கள். உறவினர்களிடமும் முன்பணம் வாங்குங்கள்; ‘நம்ம பிள்ளைதானே’ என்று ஆரம்பிக்கும் வேலைகள்தாம் நான்கு முறை திருத்தத்துக்குத் திரும்பி வரும்.

பட்டுத் துணியில் ஊசி போன தடம் மறையாது என்பதால் முதல் அளவுச் சோதனையைக் காடா துணியிலேயே முடியுங்கள். பருத்தி லைனிங்கை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்ளே சுருங்கி வெளித்துணியை இழுத்துவிடும். இவை சின்ன விஷயங்கள்தாம். ஆனால் வாடிக்கையாளர் மறுபடி வருவதும் வராததும் இவற்றில்தான் இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் படம் போடாமல் இன்று வாடிக்கையாளர் வருவதில்லை. போட்ட மறுவாரமே அதே வடிவத்தை அடுத்த தெருவில் தைத்துத் தொங்கவிடுகிறார்கள் என்ற குறையும் உண்டு. புதிய வடிவம் ஒன்றைப் பல பிரதிகளாக விற்கும் எண்ணம் இருந்தால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யலாம். முதலில் பத்து ஆண்டுகள், பிறகு புதுப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியிட்டுவிட்ட வடிவம் புதியதாகக் கருதப்படாது, ஆகவே படம் போடுவது விண்ணப்பத்துக்குப் பிறகே இருக்க வேண்டும். தனித்தனி வாடிக்கையாளருக்கு ஒன்றொன்றாகத் தைப்பவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அவர்களுக்கு வேலைப்பாட்டின் நேர்த்திதான் காவல்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் சம்பள வேலையை விடாமல், அம்மாவின் தையல் வாடிக்கையாளர்களிடமிருந்தே தொடங்கியிருப்பேன். மாதத்துக்கு இரண்டு மூன்று வேலைகள் போதும். வரவு செலவை எழுதி வையுங்கள். ஓராண்டுக் கணக்கைத் தந்தையாரிடம் காட்டும்போது, வார்த்தையால் சமாதானம் சொல்ல வேண்டிய தேவை இராது.

பதில்: திரைத்துறை உதவியாளர், சென்னை

சுருக்கமாக ஒரு சேர்க்கை. திரைப்பட ஆடை வடிவமைப்பை யாரும் குறிப்பிடவில்லை. மதுரையைச் சேர்ந்த பூர்ணிமா ராமசாமி 60ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த ஆடை வடிவமைப்பாளராகத் தேர்வானவர். இந்தியாவின் முதல் ஆஸ்கரை 1983இல் பெற்ற பானு அத்தையா, பெண்கள் பத்திரிகைக்கு ஃபேஷன் படம் வரைபவராகத் தொடங்கி, பொட்டிக் வழியாகத் திரைக்கு வந்தவர். இந்தித் திரையுலகின் ஆடை வடிவமைப்பாளர் மனீஷ் மல்ஹோத்ரா வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர் அல்லர். எனவே இங்கே நுழைய ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. ஆனால் அநேகமாக எல்லாரும் ஒரு வடிவமைப்பாளரின் கீழ் உதவியாளராகவே ஆரம்பிக்கிறார்கள்.

அந்த வேலை எதிர்பார்ப்பதுபோல் இராது. கடை கடையாக ஏறித் துணி வாங்குவது, புதுச் சட்டையைப் பழசாகத் தெரியும்படி சாயத்திலும் தேநீரிலும் ஊறவைத்துத் தேய்ப்பது, சண்டைக் காட்சிக்காக ஒரே ஆடையில் நான்கு பிரதிகள் தைத்து வைப்பது, முந்தைய காட்சியில் எந்தக் கை மடித்திருந்தது என்று படத்தோடு குறித்து வைப்பது என்று நாள் போகும். படம் தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். வீட்டில் வருமானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்றால் இதை முதல் வழியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

கேட்டவர்: கரூர் வாசகி

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அவர்கள் சொன்ன மேசை விரிப்புத் துணி ஜாக்கெட் எனக்குத் தோன்றவே இல்லை; எங்கள் நிறுவனத்தில் கழிவாக ஒதுக்கும் துணிகளைக் கேட்டு வாங்கிச் செய்து பார்க்கப் போகிறேன்.

இப்போதைக்கு வேலையில் இருந்துகொண்டே தயாராகி, அடுத்த ஆண்டு நிஃப்ட் முதுநிலைத் தேர்வையும் எழுதி, திருப்பூரிலும் வேலைக்கு முயலலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே கிடைக்கும். கணினி மென்பொருள் எதைக் கற்பது, வீட்டிலுள்ள சாதாரண இயந்திரம் போதுமா, திருப்பூரில் நேர்காணலுக்குப் போனால் கையில் என்ன கொண்டுபோவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சாம்பிள் பிரிவு, திருப்பூர்

நல்ல முடிவு. ஆசிரியை அவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. சாம்பிள் பிரிவில் சில காலம் இருந்துவிட்டுப் படிக்கப் போகிறவர்கள் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இப்போது உள்ள இயந்திரமே போதும். பின்னல் துணியை அதில் தைக்கும்போது உருண்டை முனை ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஊசி இழையை அறுத்துத் துளை விழச் செய்யும். பக்கத் தையலுக்கு ஓவர்லாக், கீழ் மடிப்புக்கு பிளாட்லாக் தேவைப்படும் இடங்களில் ஊரில் வேலைக்கு எடுத்துச் செய்பவர்களிடம் கொடுத்து வாங்குங்கள். அந்த இயந்திரங்களைச் சொந்தமாக வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

மென்பொருளில் முதலில் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் அல்லது கோரல்டிரா, இரண்டில் ஒன்று. தட்டை வரைபடத்துக்கும் பிரிண்ட் வேலைக்கும் அதுவே அடிப்படை. அடுத்தது எக்செல், நீங்கள் அதில் ஏற்கெனவே தேறியிருப்பீர்கள், டெக் பேக்கின் அளவுப் பட்டியலும் விலைத் தாளும் அதில்தான் ஓடுகின்றன. கெர்பர், லெக்ட்ரா, டுகாடெக் போன்ற பேட்டர்ன் மென்பொருள்களை நிறுவனத்தில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். ஆடையைத் திரையில் முப்பரிமாணத்தில் தைத்துக் காட்டும் க்ளோ போன்றவற்றின் தேவை கூடிவருகிறது, ஆனால் காகிதத்தில் பேட்டர்ன் போடத் தெரியாதவருக்கு அவற்றால் பயன் இல்லை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய காலர் டி-சர்ட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அயர்ன் செய்து, பழுப்புக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதே பேட்டர்னில் இன்னொன்று தைத்துப் பாருங்கள். காலர் பட்டி எந்த அளவுக்கு இழுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது, தோளில் டேப் ஏன் வைத்திருக்கிறார்கள், பொத்தான் பட்டிக்குள் ஒட்டுத்துணி எங்கே முடிகிறது என்பதெல்லாம் பிரிக்கும்போதுதான் தெரியும். முடித்ததும் அந்த ஆடைக்கு நீங்களே ஒரு டெக் பேக் எழுதுங்கள்.

நேர்காணலுக்கு அந்த இரண்டு சட்டைகளையும், பேட்டர்னையும், டெக் பேக்கையும், விலைத் தாளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். துவைத்த பிறகு எடுத்த அளவுகளையும் தனி வரிசையில் குறித்திருங்கள். நேர்காணல் செய்பவர் பழைய ஆளாக இருந்தால் முதலில் அளவு டேப்பை எடுத்து அதைத்தான் சரிபார்ப்பார். சரக்கு ஏற்றும் பரபரப்பு மாதக் கடைசியில் அதிகம் என்பதால் மாதத்தின் முதல் பாதியில் வருவது நல்லது. பேசவும் பிரிவைச் சுற்றிக் காட்டவும் அப்போதுதான் யாருக்காவது நேரம் இருக்கும்.